ரஷ்ய நாவலுக்கு ஏற்ற வயசு

கேள்வி: ரஷ்ய செவ்வியல் நாவல்களைப் படிக்கச் சரியான வயது எது?

பதில்: நாவலுக்கு நாவல் மாறும். 'குற்றமும் தண்டனையும்' (1866) நாயகன் ரஸ்கோல்னிகோவுக்கு வயது 23. உலகமே தப்பு, நான் மட்டும் சரி என்று தோன்றுகிற அந்த வயதிலேயே படித்துவிடுங்கள். 'அன்னா கரேனினா'வைக் கல்யாணத்துக்கு முன் படித்தால் அன்னா பக்கம் நிற்பீர்கள். பின்பு படித்தால் அவள் கணவர்மீதும் இரக்கம் வரும். 'இவான் இலியிச்சின் மரணம்' குறுநாவலின் நாயகன் 45 வயதில் சாகிறார். அவர் கதையை 40க்குள் முடியுங்கள், திருந்த அவகாசம் வேண்டுமே! நாயகன் படுக்கையை விட்டு எழவே முதல் பாகத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும் 'ஒப்லோமோவ்' நாவல், பென்ஷன்காரர்களுக்கு. 'போரும் அமைதியும்' நாவலை மட்டும் எந்த வயதிலும் தொடங்கலாம். யார் யாருக்கு என்ன உறவு என்று பிடிபடுவதற்குள் வயது தானாக ஏறிவிடும்.