ஸ்கேனில் சிக்காத வலி

கேள்வி: முதுகுவலி தொடங்கிப் பல மாதங்கள் ஆகியும் விடவில்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள். அப்படியானால் வலி வெறும் மனப்பிரமையா?

பதில்: இல்லை, வலி நூற்றுக்கு நூறு நிஜம். ஸ்கேன் படம்பிடிப்பது எலும்பையும் டிஸ்க்கையும்தான், வலியை அல்ல. வலியே இல்லாத 20 வயதினரிலும் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருப்பதை 2015-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு காட்டியது. தேய்ந்தும் வலிக்காதவர்கள் உண்டென்றால், தேயாமலே வலிப்பவர்களும் இருக்கத்தானே வேண்டும்? வலி நீடிப்பதில் மூளைக்கும் பங்குண்டு. 2012-இல் வெளியான ஆய்வில், அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் அப்காரியனின் குழு முதுகுவலிக்காரர்களின் மூளையை ஓராண்டு தொடர்ந்து படம்பிடித்திருந்தது. மூளையின் முன்புறணிக்கும், நன்மை தீமையை எடைபோடும் அக்கும்பென்ஸ் பகுதிக்கும் தொடர்பு வலுத்திருந்தவர்களுக்கே வலி நிலைத்தது. தூக்கக்குறைவும் தீராத கவலையும் வலியை மேலும் உசுப்பிவிடும்.

"மூளைதான் காரணமென்றால் மனதை அடக்கினால் போதுமே" என்று வீட்டார் சொல்லக்கூடும். ரத்த அழுத்தத்தைச் சீர்செய்வதும் மூளைதான். அதை அதட்டிக் குறைத்தவர் யாருமில்லை. ஆனால் பழக்கினால் மூளை மாறும். வலியை ஆபத்தாக எண்ணாதிருக்க நான்கு வாரம் பயிற்சி பெற்றவர்களில் 66 சதவீதம் பேர் வலியின்றியோ ஏறக்குறைய வலியின்றியோ ஆனார்கள் என்கிறது 2022-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. வழக்கமான சிகிச்சையில் அது 10 சதவீதம்தான். ஆகவே கட்டி, முறிவு, தொற்று இல்லையென்று மருத்துவர் உறுதிசெய்தபின் நடை, உறக்கம், பயிற்சி மூன்றையும் மருந்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.