ஆறடி ஆசை

கேள்வி: என்னிடம் இருப்பது 20 குதிரைத்திறன் மினி டிராக்டர். பக்கத்துக் காட்டுக்காரர் ஆறடி ரோட்டவேட்டர் போட்டு ஓட்டுகிறார். நானும் அதையே வாங்கட்டுமா?
– வாசகர், ராசிபுரம்

பதில்: தாராளமாக, அவருடைய டிராக்டரையும் சேர்த்து வாங்குவதானால்! இன்ஜினில் 20 இருந்தாலும் பின்னால் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேருவது அதைவிடக் குறைவு. மூன்று, மூன்றரை அடி போதும். மீறினால் வண்டிதான் முக்கும், செம்மண் அசையாது. பின்சக்கரத் தடத்தை மூடும் அகலமா, நிமிடத்துக்கு 540 சுற்று பி.டி.ஓ.வுக்கு ஏற்றதா என்று பாருங்கள். இறுகிய மண்ணுக்கு 'சி' வடிவக் கத்தி. களைக் காட்டுக்கு 'எல்'. மரவள்ளித் தண்டு கத்தியில் சுற்றிக்கொண்டால், இன்ஜினை நிறுத்திவிட்டுக் கை வையுங்கள். வருடத்துக்கு இரண்டே உழவுதானா? வேளாண் பொறியியல் துறையில் வாடகைக்கு எடுங்கள். கடன் தவணை மிச்சம்.