செல்லாத சாட்சி

1986 ஏப்ரல் 12, சனிக்கிழமை. ஹாலி வால்நட்சத்திரம் பார்க்கக் காவலூருக்குக் கிளம்பினேன். இதை விட்டால் 2061 என்று பேப்பர்கள் பயமுறுத்தியிருந்தன. தங்கல், வாணியம்பாடியில் விடுதித் தோழன் வீட்டில். "பாய்மாருங்க ஊரு. பார்த்துப் பேசு, கொடுக்கிறதையெல்லாம் தின்னுடாதே" என்று ரொட்டிப் பாக்கெட்டையும் ஜெபமாலையையும் பையில் திணித்தாள் அம்மா.

ஜவ்வாது மலையில் 725 மீட்டர் உயரத்தில் காவலூர். 2.34 மீட்டர் தொலைநோக்கியை ராஜீவ் காந்தி அங்கே திறந்து வைத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அப்போது நாட்டிலேயே பெரியது. நாங்கள் பார்த்தது வேலிக்கு வெளியே நின்று அதன் வெள்ளைக் கூண்டை மட்டும். பிறகு ரோட்டோரப் பாறையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு தெற்கு வானத்தைத் துழாவினோம். நடுநிசிக்குப் பக்கத்தில் கிடைத்தது: சரியாகத் துடைக்காத கரும்பலகையில் மிஞ்சிய சாக்பீஸ் தீற்றல்போல ஒரு மங்கல்.

"இதுக்காடா எழுபத்தாறு வருஷம்?" என்றான் தோழன்.

மூன்று மணிக்கு வந்து படுத்தவனைப் பாங்குச் சத்தத்தோடு எழுப்பினார் அவன் அப்பா. "ஞாயித்துக்கிழமை தம்பி. உங்களுக்குப் பூசை உண்டே, தூங்கினா எப்படி?" தோல் ஷாப்பு நெடியைக் கிழித்துக்கொண்டு சைக்கிளில் கொண்டுபோய்க் கோயில் வாசலில் இறக்கிவிட்டான் பையன். மதியம் சீரகச் சம்பா பிரியாணி, கத்தரிக்காய், தால்ச்சா. ஹாலி அத்துடன் மறந்தது.

"பூசைக்குப் போனியா?" என்றாள் அம்மா, ஊர் திரும்பியதும்.

"பாய் அனுப்பி வெச்சார்."

அவள் கடைசிவரை நம்பவில்லை.

2025 மார்ச் 29. அதே சனிக்கிழமை, அமாவாசை இருட்டு. மறுபடி காவலூர், தங்கல் அதே தோழன் வீட்டில். வெளிநாட்டிலிருந்து மகன் கூப்பிட்டான்: "அப்பா, அந்த ஏரியாலாம் சேஃபா?" வாணியம்பாடி பிரியாணிக் கடைகளுக்கு எத்தனை நட்சத்திரம் என்பதுவரை அவன் கைப்பேசியில் இருந்தது. பாட்டியிடம் கைப்பேசி இல்லை. மற்றபடி கேள்வி அதேதான்.

தொலைநோக்கிக்கு வானியலாளர் வைணு பாப்புவின் பெயர். அவர் வளர்ந்தது ஐதராபாத்தில், அப்பா வேலை பார்த்த நிஜாமியா வானாய்வகத்து நிழலில். "அப்போ எங்க நிஜாம் வீட்டுப் பிள்ளை" என்று உரிமை கொண்டாடினான் தோழன். மலையடிவாரத்து விளக்குகள் பெருகி, இருட்டைத்தான் இப்போது தேட வேண்டியிருக்கிறது. கீழே பாலாறும் அப்படித்தான். மாசு செய்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று 1996-இல் இந்த வட்டாரத் தோல் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக நடத்துகிறார்கள். ஆறுதான் இன்னும் பாடம் கேட்டு முடிக்கவில்லை.

ஞாயிறு காலை யூடியூபில் பூசை பார்த்தேன். "அப்பா இருந்திருந்தா சைக்கிளை எடுத்திருப்பாரு" என்றான் தோழன்.

அவனுக்கு ரமலான், எனக்குத் தவக்காலம். நாற்பது நாளும் கறி தொடுவதில்லை என்று அறிவித்திருந்தேன். உண்மையில் அது கொலஸ்ட்ரால் பார்த்து டாக்டர் சொன்னது. ஆண்டவர் கணக்கில் எழுதிக்கொண்டேன். நோன்பிருக்கும் ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, நான் ஒருவன் சாம்பார் சாதம் தின்றேன். "உப்பு சரியா இருக்காண்ணா? நாங்க ருசி பார்க்க முடியாது" என்றார் தோழன் மனைவி. உப்பே இல்லை. "அளவா இருக்கும்மா" என்றேன். தவக்காலத்தில் பொய்.

மாலை மொட்டைமாடியில் எல்லோரும் மேற்கே பார்த்து நின்றார்கள். காவலூர்க்காரர்களுக்கு நிலா என்றால் இடைஞ்சல். இவர்களுக்கு அது பெருநாள். தோழனுக்குக் கண்புரை. "அதோ!" என்று முதலில் கத்தியது நான்தான். நகத்துணுக்குப் போலப் பிறை.

"டேய், உன் சாட்சி செல்லாது! முஸ்லிம்தான் பார்த்துச் சொல்லணும்" என்றான், நான் காட்டிய பக்கமே கண்ணை இடுக்கிக்கொண்டு. பேத்தி பார்த்தாள். சற்று நேரத்தில் கைப்பேசிகளில் தலைமை காஜியின் அறிவிப்பும் வந்தது.

பெருநாளன்று புறப்பட்டபோது, ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருப்பது தெரிந்தும் பிரியாணியைக் கட்டிக் கொடுத்தார்கள், வீட்டில் உள்ளவர்களுக்காம். ஜோலார்பேட்டையில் ரயில் ஏறியதும் பொட்டலத்தைப் பிரித்தேன். எதிர் இருக்கைக்காரர் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் யாரோ, எவரோ; அந்தச் சாட்சியும் செல்லாது.