பார்த்துக் குடுங்க ஐயா

“எவ்வளவு தம்பி?” என்று கேட்டவுடனே எங்கள் தெருவுக்கு மரம் ஏற வருகிறவர் முகத்தில் தோன்றும் சங்கோசத்தை, பெண் பார்க்கும் வைபவங்களிலிருந்தே அது விடைபெற்றுப் போய்விட்ட இக்காலத்தில், வேறெங்கும் காண்பதற்கில்லை. தலை சற்றே குனியும். வலது காலின் பெருவிரல் மண்ணில் ஏதோ எழுதத் தொடங்கும். இடுப்பிலே செருகிய அரிவாள்கூட வெட்கப்பட்டதுபோல் ஒருபுறம் சாயும். பிறகு அந்த வாக்கியம் வரும்: “நீங்களா பாத்துக் குடுங்க ஐயா.”

40 அடித் தென்னையில், காற்றில் ஆடும் கொண்டைக்கு நடுவே ஒரு காலை மட்டையில் ஊன்றிக்கொண்டு, ஒரு கையால் குலையை வெட்டி இறக்குவதற்கு அஞ்சாத மனிதர், சமதரையில் நின்றுகொண்டு ஓர் எண்ணைச் சொல்லுவதற்கு இவ்வளவு அஞ்சுவது ஏன் என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு. விடாமல் இரண்டாம் முறை கேட்டால், “உங்களுக்குத் தெரியாததா?” என்பார். எனக்குத் தெரியாது. தபால் இலாகாவில் 30 வருஷத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்தவன் நான். எந்த உறைக்கும் நிறுத்துப் பார்த்து இத்தனை கிராமுக்கு இவ்வளவு என்று சொல்லத் தெரியும். காய்ந்த மட்டை கழித்துப் பன்னாடை உரித்துக் கொண்டையைச் சுத்தம் செய்வதற்கு எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி கட்டணம் நிர்ணயிப்பது? மூன்றாம் முறை கேட்டால், “வழக்கமா குடுக்கறதைக் குடுங்க” என்பார். வழக்கம் ஏது? இவருக்கு முன்பு எங்கள் தெருவுக்கு ஏறிக்கொண்டிருந்த பெரியவர் மரத்துக்கு இரண்டு காய் என்று எடுத்துக்கொண்டு, காசைப் பற்றி வாய் திறக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். நான்காம் முறையும் கேட்கும் பிடிவாதக்காரர்களுக்கென்று ஒன்று வைத்திருக்கிறார்: “மொதல்ல வேலை முடியட்டுங்க ஐயா, மனசுக்குப் புடிச்சிருந்தா குடுங்க.” பிடிக்காவிட்டால், வெட்டிய முருங்கையைத் திரும்ப ஒட்டவைத்துக் கொடுப்பாரா என்று கேட்க எனக்கு ஆசைதான், கேட்டதில்லை.

இந்த வாக்கியம் பார்வைக்குத்தான் பணிவு. உண்மையில் இதைப் போன்ற கொடிய ஆயுதம் வேறில்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். தராசை நம் கையிலே கொடுத்துவிட்டு, எடைக்கல்லுக்குப் பதிலாக நம் மனச்சாட்சியையே தட்டில் வைத்துவிட்டு, தாம் கிணற்றடியில் போய்க் கால் கழுவிக்கொண்டு நிற்பார். உள்ளே சமையலறையில் நானும் என் மனைவியும் தாழ்ந்த குரலில் மந்திராலோசனை நடத்துவோம். 300 போதும் என்பாள் அவள். 500 கொடுத்தால்தான் மரியாதை என்பேன் நான். மத்தியஸ்தமாக 400 என்று முடிவாகும். வெளியே கொண்டுபோய்க் கொடுத்தால் எண்ணிப் பார்க்கமாட்டார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “இருக்கட்டும் ஐயா” என்று ஒரு வார்த்தை சொல்லுவார்.

அந்த ‘இருக்கட்டும்’ இருக்கிறதே, அதற்கு நிகண்டிலே பொருள் தேடிப் பிரயோஜனமில்லை. போதும் என்று பொருளா, போதாது, இருந்தாலும் பரவாயில்லை என்று பொருளா, இந்தப் பாவமும் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும் என்று பொருளா? மூன்று இரவுகள் எனக்கு உறக்கம் இராது. இதைவிட, 1000 கேட்டுச் சண்டை பிடித்துப் பறித்துக்கொண்டு போகிறவன் எவ்வளவோ தேவலை. அவனை ஏசிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

வேலையை மதிப்பிடுவதிலும் இப்படியே. எதைக் காட்டினாலும் “பத்து நிமிஷ வேலை” என்பார். சென்ற ஐப்பசியில் முருங்கையில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொண்டு கொல்லைக் கதவைத் திறக்க முடியாமல் போனபோதும் அதையேதான் சொன்னார். முருங்கை ஆள் பாரம் தாங்காத மரம், ஏணியைச் சாத்தித்தான் கழிக்கவேண்டும் என்பது ஏணியைச் சாத்த இடமில்லாதபோது நினைவுக்கு வந்தது. ஒரு பக்கம் மின்கம்பி, மறுபக்கம் அண்டை வீட்டு ஓட்டுச்சார்ப்பு, ஆகவே கிளையைக் கயிறு கட்டித்தான் இறக்கவேண்டும், கயிற்றைக் கீழேயிருந்து பிடிக்க இன்னோர் ஆள் வேண்டும் என்பதெல்லாம் ஒவ்வொன்றாகப் புலப்பட்டன. பத்து நிமிஷம் என்பது உச்சிவேளையைத் தாண்டியது. நான் கொடுத்த 500 ரூபாயில், கயிறு பிடித்தவனுக்கு 350 ரூபாயை அவர் கொடுத்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். பெட்ரோலுக்கு 50, அரிவாள் சாணை பிடிக்க 30 என்று நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கூட்டிப் பார்த்ததில், அன்றைக்கெல்லாம் மேலே நின்றவருக்கு மிஞ்சியது 70 ரூபாயும், கழுத்து நிறையக் கம்பளிப்பூச்சித் தடிப்பும்.

வெட்டுவது பாதி வேலை, வெட்டியதை அப்புறப்படுத்துவது மறுபாதி என்பதும் அவர் கணக்கில் வருவதில்லை. கொல்லை முழுவதும் தழை மலையாகக் கிடக்க, குட்டியானைக்குச் சொல்லியனுப்பினோம். அந்த ஓட்டுநர் வண்டியைவிட்டு இறங்கக்கூட இல்லை, கண்ணாடி வழியே ஒரு பார்வை பார்த்து, “எழுநூறு, ஏத்துகூலி தனி” என்று சொல்லி வெற்றிலையைத் துப்பினார். அந்தத் தெளிவை என்னவென்று சொல்லுவது! அன்றைய தினம் உயிரைப் பணயம் வைத்தவருக்கு 70, ஸ்டியரிங்கைப் பிடித்தவருக்கு 700.

அவரை முழுவதும் குறை சொல்லுவதற்கும் மனம் வரவில்லை. தேங்காய் பறிக்க 45 நாளுக்கொரு முறை வருகிறவர், கேளாமலே குருத்தைச் சோதித்து, காண்டாமிருக வண்டு துளைத்த இடத்தில் கம்பிக் கொக்கியை விட்டு அதை வெளியே இழுப்பார். ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளுக்கு இரண்டு பங்கு மணல் கலந்த பொட்டலத்தைத் தாமே கொண்டுவந்து, உள்மட்டை இடுக்குகளில் இட்டுவிட்டு இறங்குவார். அதற்கும் விலை இல்லை. கேட்டால், “அது மரத்துக்குச் செய்யறதுங்க” என்பார்.

காரணம் ஒருநாள் மோர் குடிக்கும்போது தற்செயலாக வெளிப்பட்டது. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே இவருடைய தகப்பனாருக்குத் தென்னந்தோப்பு இருந்ததாம். ஏறுகிறவர்கள் வரப்பில் வந்து நின்று, “பாத்துக் குடுங்க” என்று சொல்ல, அப்பா பார்த்துக் கொடுத்ததைத் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்து வளர்ந்தவர் இவர். 2018 நவம்பர் 16ஆம் தேதி விடிவதற்குள் கஜா புயல் அந்தத் தோப்பை ஒரேயடியாகப் படுக்கவைத்துவிட்டது. நெட்டைத் தென்னங்கன்று நட்டால் பலன் காண ஆறேழு வருஷம் ஆகும். வயிறு அதுவரை பொறுக்குமா? தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தொடங்கிய ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்பதைப் போன்ற ஒரு 6 நாள் பயிற்சியில் சேர்ந்து, மிதித்து ஏறும் இயந்திரத்தைப் பழகிக்கொண்டு, எங்கள் ஊரில் வந்து இறங்கிவிட்டார். ஏறுவதற்குக் கால் பழகிவிட்டது. கேட்பதற்கு நாக்கு இன்னும் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

அதற்கப்புறம் நான் ஓயாமல் உபதேசம் செய்தேன். வேலையைப் பார், ஆளைக் கணக்கிடு, தழை அள்ளுவதைச் சேர், துணிந்து சொல், சொன்னதிலிருந்து இறங்காதே என்றெல்லாம், வாழ்நாளில் ஒரு முழம் கயிறுகூட விற்றறியாத நான், வியாபார தர்மம் போதித்தேன். அவரும் பவ்யமாகக் கேட்டுக்கொண்டார்.

போன மாதம் மூன்று தென்னையைச் சுத்தம் செய்யவும், மாடியை உரசும் வேப்பங்கிளையைக் கழிக்கவும் வரச்சொல்லியிருந்தேன். மரத்தைச் சுற்றி வந்து அண்ணாந்து பார்த்தார், விரல் விட்டு எண்ணினார், என்னைப் பார்க்காமல் மதிற்சுவரைப் பார்த்துக்கொண்டு, மனப்பாடம் செய்த பாட்டை ஒப்பிக்கும் பள்ளிப்பிள்ளைபோல் ஒரே மூச்சில் சொன்னார்: “எண்ணூறு ரூவா ஆகுங்க ஐயா. தழை அள்றதும் சேத்து.”

நியாயமான தொகை, சொல்லப்போனால் குறைவு. என் மனம் ஆனந்தத்தால் நிறைந்தது. ஆனால், காய்கறிக் கடையிலே 40 வருஷம் பழகிய என் நாக்கு, என் மனத்தின் அனுமதியைக் கேளாமலே, “அறுநூறு வச்சுக்கலாமே தம்பி” என்று சொல்லிவிட்டது.

உள்ளே ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. தானாக விழுந்ததாகத் தோன்றவில்லை. அவர் தலை சற்றே குனிந்தது. பெருவிரல் மண்ணில் எழுதத் தொடங்கியது.

“சரிங்க ஐயா. நீங்களா பாத்துக் குடுங்க.”

அன்று சாயங்காலம் 1000 ரூபாய் கொடுத்தேன். நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “இருக்கட்டும் ஐயா” என்றார்.