அரசாணிக்காய்க்கு ஞானஸ்நானமா?

உக்காரு தம்பி. அம்மிணி, நீயும் உக்காரு. ரெண்டு தரப்பும் உக்காந்தாத்தான் பஞ்சாயத்து.

சரி, வழக்கு என்ன? அக்டோபர் 31 பாப்பா பள்ளிக்கூடத்துல ஹாலோவீனாம். பேய் வேசம் கட்டிட்டு வரச் சொல்லியிருக்கறாங்க. வேதக்காரங்க வீட்டுல பேய்க்கு என்ன வேலைங்கறது தம்பி கட்சி. எல்லாப் புள்ளையும் ஆடறப்ப நம்ம புள்ள மட்டும் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கோணுமாங்கறது அம்மிணி கட்சி. சேலத்துல மூணாவது மாடியில தீராத வழக்கு, ராசிபுரம் பஸ் ஏறி என் திண்ணைக்கு வந்திருச்சு.

தம்பி, உனக்குப் பேய்ன்னா பயம். பத்து வயசு வரைக்கும் ராத்திரி ஒண்ணுக்குப் போகோணும்னா உங்கம்மா முந்தானையைப் புடிச்சுட்டுத்தான் போவே. உன் பயத்துக்கு எதுக்கு வேதத்தைச் சாட்சிக்குக் கூப்புடறே?

ஹாலோன்னா பழைய இங்கிலீசுல புனிதர். நவம்பர் 1 சகல புனிதர் திருநாள். அதுக்கு முந்தின சாயங்காலந்தான் ஹாலோவீன். மறுநாள் 2ஆம் தேதி நம்ம கல்லறைத் திருநாள். பேயும் பிசாசும் அதோட ஒட்டிக்கிட்ட சோடனை. அயர்லாந்துக்காரன் டர்னிப் கிழங்கைக் குடைஞ்சு வெளக்கு வெச்சான். அமெரிக்காவுக்குப் பொழைக்கப் போன எடத்துல அரசாணிக்காய் பெருசாக் கெடச்சுது, அதைக் குடைஞ்சான். ஆத்தூர்ப் பக்கம் வந்திருந்தா குச்சிக்கிழங்கைத்தான் குடைஞ்சிருப்பான், பாவம்.

வெளிநாட்டுப் பேய் வேண்டாங்கறே. உள்ளூர்ப் பேயோட ராசியாத்தானே இருக்கறே? நீ குடிவந்த அன்னிக்கு வாசல்ல பல்லை இளிச்சுட்டுத் தொங்குச்சே பூசணிக்காய், அதுக்கு என்ன சொன்னே? கட்டினவங்க மாட்டினதுன்னே. ஆடி மாசம் குகை வண்டி வேடிக்கையில பாப்பாவைத் தோளுல தூக்கி வெச்சுட்டு, அசுரன் வேசக்காரனோட போட்டோ புடிச்சது யாரு, நானா?

இந்த வழக்கு நம்ம சீமைக்குப் புதுசும் இல்ல. தத்துவ போதகர்னு சொல்லுவாங்களே, ராபர்ட் தெ நோபிலி சாமி, இத்தாலிக்காரரு. மதுரையில காவி கட்டி, பூணூல் போட்டு, சந்தனம் வெச்சுட்டு, நான் பரங்கி இல்லைன்னு சொன்னவரு. கூட இருந்த சாமியாரே அவரு மேல புகார் எழுதினாரு. பூணூலும் குடுமியும் சந்தனமும் சாமி காரியமா, ஊர் வழக்கமான்னு ரோமாபுரி வரைக்கும் வருசக் கணக்கா இழுத்துச்சு. 1623 சனவரியில பாப்பரசர் 15ஆம் கிரகோரியார் தீர்ப்புச் சொன்னாரு: மூடநம்பிக்கையைக் கழிச்சுப்போட்டு வழக்கத்தை வெச்சுக்கலாம். அதே வருசம் அந்தச் சாமி மதுரையை உட்டுக் கெளம்பி வந்த ஊரு எது தெரியுமா? நம்ம சேந்தமங்கலம், அப்பறம் சேலம்.

அரசாணிக்காயைப் பாரு. மத்த ஊருல அதுக்குப் பரங்கிக்காய்னு பேரு. நம்ம பக்கம் வந்ததும் அரசாணி ஆயிருச்சு. ‘பரங்கி இல்லை’ங்கற பேரை வாங்க அந்த மனுசன் படாத பாடு பட்டாரு. காய்க்கு அது சும்மா கெடச்சுது.

அம்மிணி, அதுக்குள்ள சிரிக்காதே, உனக்கும் இருக்குது. ஆன்லைன்ல கருப்பு அங்கி எதுக்கு? பேய் என்ன, அளவெடுத்துத் தச்சா போடுது? என் பழைய வேட்டி போதும்.

இப்பக் கேளுங்க ரெண்டு பேரும். முந்தின சாயங்காலத்துக்கு இம்புட்டுச் சண்டை போடறீங்களே, திருநாளுக்கு எங்க போனீங்க? போன வருசம் லீவு இல்லைன்னீங்க, அதுக்கு முந்தின வருசம் மழைன்னீங்க. உங்கம்மா கல்லறையில நான் ஒத்தையாப் புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடிச்சு, செவ்வந்தி மாலை போட்டேன். மெழுகுவத்தி காத்துக்கு மூணு தடவை அணைஞ்சுது. கடைசியில கொட்டாங்குச்சியை மறைப்பா வெச்சேன். கல்லறை மந்திரிச்சுட்டு வந்த சாமியாரு, ‘புள்ளைங்க வல்லையா?’ன்னாரு. ‘வந்துட்டிருக்கறாங்க சாமி’ன்னேன். கல்லறையில நின்னுட்டுப் பொய்யி, அதுவும் தீர்த்தம் தெளிக்கறவருகிட்ட. பாவசங்கீர்த்தனத்துல இன்னும் சொல்லல.

தீர்ப்பைக் கேட்டுக்குங்க. 31ஆம் தேதி பாப்பா என் வேட்டியைப் போத்திட்டுப் பேயாப் போகட்டும். அரசாணிக்காயைக் குடைஞ்ச சதையைக் குப்பையில போடாம பொரியல் பண்ணோணும். வயித்துக்காகற காயை வீசறதுதான் எனக்குத் தெரிஞ்ச பாவம். 2ஆம் தேதி மூணு பேரும் காலை முதல் பஸ்ஸுல இங்க இருக்கோணும். வேட்டியை மறக்காமக் கொண்டாங்க, கல்லறை தொடைக்க ஆகும். சுண்ணாம்பு வாளி தம்பி கையில.

தெளிச்சு முடிக்கறதுக்குள்ள பொழுது எறங்கிட்டாப் பயப்படாதே தம்பி. முந்தானைதான் இல்லையே, பாப்பா கவுனைப் புடிச்சுக்கோ.