குடம்புளிக்கு வந்த வாழ்வு

நாகர்கோவில் மீன்குழம்பில் ஓசைப்படாமல் ஊறிக்கிடந்த குடம்புளி, கார்சீனியா கம்போஜியா என்ற பெயரில் அமெரிக்காவில் கொழுப்பைக் கரைக்கப் போனது. 2012இல் அந்நாட்டுப் பிரபல மருத்துவர் டாக்டர் ஆஸ் தொலைக்காட்சியில் அதைக் கொண்டாடினார். 2014இல் செனட் குழு அவரைக் கூப்பிட்டு, அற்புத மாத்திரைப் பேச்சுக்கெல்லாம் விளக்கம் கேட்டது.

விஷயம் முழுப் பொய்யும் இல்லை. குடம்புளியிலுள்ள ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம், உடல் கொழுப்பை உருவாக்க உதவும் ஒரு நொதியைத் தடுக்கும். எலிகள் இளைத்தன. எலிக்குக் கல்யாண வீட்டுப் பந்தி கிடையாதே! மனிதர்களிடம் 12 வாரம் சோதித்து 1998இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பத்தியச் சாப்பாடு. புளி மாத்திரை விழுங்கியவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். வெற்று மாத்திரை விழுங்கியவர்கள் 4.1 கிலோ. புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லையாம். இருந்தாலும் வெற்று மாத்திரைக்கு இன்னும் யாரும் விளம்பரம் கொடுக்கவில்லை, பாவம்.

புளி மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் கெட்டதாக மருத்துவப் பதிவுகள் உண்டு. குடம்புளிதான் வேண்டுமென்றால் பலசரக்குக் கடையில் காய்ந்த சுளையாகவே வாங்குங்கள். கூடவே அரைக் கிலோ மத்தியும்.