மாரிக்குள் வந்த பரீட்சை

ஓ.எல். பரீட்சை டிசம்பரில் நடந்த காலத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கடலே ஓர் உதவி செய்தது. வாடைக்காற்று எழும்பி மாரி தொடங்கிவிட்டால் நிலாவெளிப் பக்கத்து எங்கள் இறக்கக்கண்டிக் கரையில் வள்ளம் தள்ள முடியாது. கரைவலைக்காரர்கள் வலையைக் காயவைத்துக் கட்டிவைப்பார்கள். நீர்கொழும்புப் பக்கமிருந்து வந்து வாடி போட்டிருந்தவர்கள் அதற்கு முன்பே கழற்றிக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார்கள். களப்பில் இறாலுக்கு இறங்குகிறவர்களை விட்டால் ஆண்கள் எல்லாரும் வீட்டில்தான். கையில் காசு இருக்காது, கடைக் கொப்பியில் கடன் ஏறும், வாப்பா மட்டும் இருப்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஓ.எல். எடுத்தது அப்படியொரு மாரியில். வாப்பாவுக்கு ஓதத் தெரியும். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பார். அவருடைய படிப்பு அவ்வளவுதான். 1980இலிருந்து அரசாங்கம் பாடநூலை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியிருந்ததால் புத்தகத்துக்குக் காசு தேடும் கவலை அவருக்கு இருக்கவில்லை. கொப்பி, பேனை, மண்ணெண்ணெய் ஆகிய மூன்றுக்கும்தான் வழி பார்க்க வேண்டியிருந்தது.

விறாந்தை வளையில் வலையை மாட்டிவிட்டு அவர் பொத்திக்கொண்டிருப்பார். அரிக்கன் லாம்பு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும். எண்ணெய் குறைந்துவிட்டால் ஊசியை வலையிலேயே குத்தி வைத்துவிட்டு லாம்பை என் பக்கம் தள்ளிவிடுவார். மஃரிபுக்குப் பிறகு தினமும் ஒரே கேள்விதான்: “இண்டைக்கு என்ன மகன் படிச்ச? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு.”

ஒருநாள் பருவக்காற்றுப் பாடம். தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்ரெம்பர் வரை வீசும், மேற்குப் பகுதிக்கு மழை தரும் என்று ஒப்பித்தேன். வாப்பாவின் கை நின்றது. “அப்ப அந்த நேரம் நீர்கொழும்புக் கடல் எப்பிடி இருக்கும்?” என்றார். புத்தகத்தில் அது இல்லை. பேசாமல் இருந்தேன். “கச்சான் அடிக்கக்குள்ள அந்தப் பக்கம் கடல் பொங்கும். நம்மட பக்கம் குளம் மாதிரிக் கிடக்கும். அதுக்குத்தானே அவனுகள் இஞ்ச வந்து வாடி போடுறானுகள். வாடை தொடங்கினா இது பொங்கும், அது அடங்கும்.” வருசா வருசம் எங்கள் கரைக்கு வந்துபோகும் அந்த மனிதர்கள் ஏன் வருகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பருவக்காற்றுப் பற்றி அதற்குப் பிறகு நான் எதையும் மனனம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

அவரிடம் இன்னொரு கெட்டித்தனமும் இருந்தது. எனக்கு விளங்கியதை நான் என் பேச்சில் சொல்வேன். விளங்காததைப் புத்தகத் தமிழில் சொல்வேன். அந்த வித்தியாசம் அவர் காதுக்குத் தப்பாது. “இது உன்ட வாயால வரல்ல. நாளைக்கு சேர்ட்டக் கேட்டுட்டு வந்து சொல்லு” என்பார். பாடம் தெரியாத ஒருவரால் பிள்ளைக்குப் பாடம் தெரியுமா என்று கண்டுபிடிக்க முடியும். இதை நான் முழுமனதோடு நம்புகிறேன்.

இப்போது ஊரில் பெற்றோரைச் சந்தித்தால் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: “எங்களுக்கு இந்தப் பாடமெல்லாம் தெரியாது, அதுக்குத்தானே ரியூசனுக்கு அனுப்புறம்.” கணிதத்துக்கு ஒன்று, விஞ்ஞானத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று. கடல் வருமானத்தில் கால்பங்கு அதற்கே போகும் வீடுகள் உண்டு. அந்தத் தியாகத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் பணம் கட்டியதோடு தங்கள் பங்கு முடிந்தது என்று அந்த உம்மா வாப்பாமார் நம்புவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவர்களிடம் இருக்கும் பெரிய பொருளை அவர்களே தெரியாமல் ஒதுக்கி வைக்கிறார்கள்.

2009இல் அமெரிக்க ஆய்வாளர்களான நான்சி ஹில்லும் டயானா டைசனும் நடுநிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளைப் பற்றிய 50 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெற்றோர் கூட இருந்து வீட்டுவேலைக்கு உதவுவதால் பெறுபேறு கூடியதாக அவர்களுக்குத் தெரியவில்லை. படிப்பு எதற்கு என்று பேசுவது, பாடத்தைப் பிள்ளை காணும் உலகத்தோடு தொடுத்துக் காட்டுவது, நாளைக்கு என்ன ஆக விருப்பம் என்று கேட்டுக்கொண்டே இருப்பது, இவைதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பலன் தந்திருந்தன. எங்கள் விறாந்தையில் நடந்தது அதுவேதான்.

ஆனால் எங்களுக்கு மாரி தந்த அந்த டிசம்பர்ப் பரீட்சை 2019க்குப் பிறகு இடம் மாறிவிட்டது. கொரோனாவால் 2020க்குரிய ஓ.எல். 2021 மார்ச்சில் நடந்தது. 2021க்குரியது 2022 மே மாதத்தில், மண்ணெண்ணெய் வரிசைக்கும் மின்வெட்டுக்கும் நடுவில். அடுத்த இரண்டும் மே மாதத்தையே ஒட்டி வந்தன. 2024க்குரியது 2025 மார்ச் 17இல் தொடங்கியது. கொழும்பில் இருப்பவருக்கு இது நாட்காட்டியில் ஒரு மாற்றம் மட்டும். எங்கள் கரையில் மார்ச் என்றால் கடல் அடங்கி வெளிப்பொருத்து இயந்திரங்கள் முழங்கத் தொடங்கும் காலம். மே என்றால் நிலாவெளி ஹோட்டல்களுக்கு ஆள் வந்து, புறாமலைக்குப் படகு ஓடும் காலம். அந்த வருசங்களில், உழைக்கக் கிடைக்கும் நல்ல மாதங்களுக்குள்ளேயே பரீட்சை வந்து விழுந்தது. வாப்பா விடியற்காலை கடலில், அண்ணன் படகில், உம்மா மீன் கழுவும் இடத்தில். பிள்ளை தனியே. முன்பு மாரி கொண்டுவந்து தந்த அந்த நேரத்தை அப்படியான வருசங்களில் வீட்டுக்காரரே எங்கிருந்தாவது எடுத்துக் கொடுக்க வேண்டும்.

என் இளைய மகள் எடுத்தது அந்த 2025 மார்ச் பரீட்சை. நோன்பு மாதம். முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை, பரீட்சைப் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை. வீட்டில் ஒரு ஒழுங்கு வைத்தோம். இரவு பத்து மணிக்கு எல்லா ஃபோனும், என்னுடையதும் சேர்த்து, எங்கள் அறைக்கு வந்துவிடும். ஸஹருக்கு எழும்பினால் சுபஹ் தொழுதுவிட்டு ஆறரை மணிவரை அவளுடைய நேரம். அதற்குப் பிறகு தூக்கம். நோன்புக்கு முந்திய சனிக்கிழமைகளில் காலை எட்டரைக்குக் கடந்தகால வினாத்தாளை மேசையில் வைத்து மணிக்கூட்டைப் பார்த்து எழுதவைத்தோம். அந்த மூன்று மணி நேரமும் வீட்டில் ரீவி இல்லை, விருந்தாளி இல்லை.

வரலாற்றை அவளுடைய உம்மா எடுத்துக்கொண்டார். கஞ்சி துழாவிக்கொண்டே கேட்பார். பொலன்னறுவையில் பராக்கிரமபாகு குளம் கட்டிய கதையை மகள் அவருக்குச் சொல்ல வேண்டும். “ஏன் கட்டின? மழை பெய்யல்லையா?” என்று அவர் கேட்க, அவள் மூன்று காரணம் சொல்ல, அதில் ஒன்று பிழையாக இருந்து புத்தகத்தைத் தேடி ஓடியிருக்கிறாள்.

கணிதம் என்னிடம். கூட்டுறவுக் கடையில் கணக்கு எழுதியவன்தான், ஆனாலும் இன்றைய பாடம் எனக்குப் பிடிபடாது. அதனால் ஒன்றே ஒன்றைக் கேட்பேன்: எந்த வரியில நிண்டுபோச்சு? அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. அடுத்த நாள் ஆசிரியரிடம் “கணக்கு விளங்கல்ல” என்று சொல்லாமல், அந்தப் புள்ளியைக் காட்ட வேண்டும். முழுக் கணக்கும் தெரியாது என்று நினைத்துப் பயந்திருந்த பிள்ளைக்கு, தெரியாதது ஒரு வரி மட்டும்தான் என்று தெரிந்தபோது முகமே மாறியது. ஜூலையில் பெறுபேறு வந்தது. கணிதத்தில் திறமைச் சித்தி.

பெண் பிள்ளைகளைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. ஆண் பிள்ளைகள்தான். 2016இல் கட்டாயக் கல்வி வயதை 14இலிருந்து 16ஆக உயர்த்தினார்கள். ஆனாலும் பதினைந்து வயதுப் பையன் ஒரு பருவத்துக்குச் சுற்றுலாப் படகில் கைக்காசு பார்த்துவிட்டால் பத்தாம் தரத்து மேசையில் அவனை இருத்துவது கஷ்டம். அவனைத் திட்டிப் பயனில்லை. அந்தப் படகுக்கு இயந்திரம் பூட்டத் தெரிந்தவனுக்கு விஞ்ஞானப் பாடத்தில் எங்கே இடம் இருக்கிறது என்று யாராவது அவனோடு இருந்து பேச வேண்டும். அதைப் பேசக்கூடிய ஆள் அவன் வாப்பாதான். ரியூசன் ஆசிரியருக்கு அவனுடைய படகு தெரியாது.

என் தம்பி மகன் இப்போது ஒன்பதாம் தரம். ஓ.எல்.லுக்கு ஒன்பது பாடம். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்று ஆறு கட்டாயம், மிச்சம் மூன்றைப் பிள்ளை தெரிவுசெய்ய வேண்டும். பத்தாம் தரத்துக்குப் போகும்போது கூட்டாளி எதை எடுக்கிறானோ அதையே இவனும் எடுத்துவிடுவான் என்று தம்பிக்குப் பயம். பாடசாலையில் அதற்கொரு பெற்றோர் கூட்டம் வைக்கிறார்கள். “நானா, நீங்க போய்ப் பேசுங்களேன், எனக்கு என்ன தெரியும்” என்றான். நான் மறுத்துவிட்டேன். முதல்நாள் இரவு அவனும் மகனும் மட்டும் இருந்து, மூன்று பாடத்தையும் ஏன் என்று மகன் சொல்லி, இவன் கேட்டு, அதற்குப் பிறகு இரண்டு பேருமாகப் போகச் சொன்னேன். கூட்டம் காலை எட்டு மணிக்கு. அன்றைக்குப் படகு இறக்குவதில்லை என்று சம்மதித்திருக்கிறான்.